முப்பது பேரை மாஸ்டடானுக்கு அழைத்துப்போக, அழைப்பவர் முன்கூட்டியே முடிக்க வேண்டிய வேலைகள்

கேள்வி இது: ஃபேஸ்புக்கில் இயங்கும் முப்பது பேர் கொண்ட வாசகர் குழு ஒன்று, பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களால் ஆன சமூக ஊடகமான மாஸ்டடானுக்கு மாற விரும்புகிறது. அழைப்பு அனுப்பியதும் பாதிப் பேர் "சர்வரைத் தேர்ந்தெடுங்கள்" என்ற திரையிலேயே நின்றுவிட்டார்கள். கணக்குத் தொடங்கியவர்களிலும் பலர் "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். புதியவர்களுக்கு இதை எப்படி எளிதாக்குவது? சொந்தமாக ஒரு சர்வர் போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா?

உங்கள் குழுவினர் நின்றுபோன இரண்டு இடங்களும் எல்லாக் குழுக்களும் நின்றுபோகும் இடங்கள்தாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே ஒரு முடிவை எடுக்கச் சொல்கிறோம். எப்படியோ முடிவெடுத்து உள்ளே வந்தவரை ஆளில்லாத கூடத்தில் உட்கார வைக்கிறோம். இரண்டையும் வருகிறவரால் தீர்க்க முடியாது, அழைக்கிறவரால் முடியும். உங்களில் ஒருவர் இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். அந்த நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஓய்கன் ரோச்கோ மாஸ்டடானை வெளியிட்டது 2016 அக்டோபரில். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரநிலையாக ஏற்றது 2018 ஜனவரியில். 2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை ஒட்டி, இந்தியாவிலிருந்து ஒரு பெரிய கூட்டம் மாஸ்டடானுக்கு வந்தது. 2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் கைமாறியதை ஒட்டி, நவம்பருக்குள் மாதப் பயனர் எண்ணிக்கை சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை ஏறியது. இரண்டு அலைகளிலும் வந்தவர்களில் கணிசமானோர் சில மாதங்களில் திரும்பிவிட்டார்கள். வர மனமில்லாதவர்கள் அல்லர் அவர்கள். வந்த பிறகு தங்குவதற்கான ஏற்பாடு அங்கே இல்லை.

மென்பொருளை எழுதுகிறவர்களும் இதைப் புரிந்துகொண்டுதான் 2023 மே மாதத்தில் அதிகாரபூர்வ ஆப்பை மாற்றினார்கள். முதல் திரையிலேயே மாஸ்டடான்.சோஷியல் சர்வரில் சேர ஒரு பெரிய பொத்தான், வேறு சர்வர் வேண்டுமென்றால் அதன் கீழே இன்னொன்று. "எல்லாரும் ஒரே சர்வரில் குவிந்தால் பரவலாக்கம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லை" என்று அப்போது கடுமையான எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களின் கவலை நியாயமானது. ஆனாலும் அந்த மாற்றம் சரியான திசையில்தான் இருந்தது என்பது என் கருத்து. முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவரிடம் நூறு தெருப்பெயர்களை நீட்டி "உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள்" என்பது சுதந்திரம் ஆகாது. முதல் வீட்டை நாம் காட்டிவிட்டு, பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளும் வழியையும் சொல்லிக் கொடுப்பதுதான் உதவி. உங்கள் விஷயத்தில் அந்த முதல் வீட்டை நீங்களே பார்த்து வைத்துவிடலாம்.

சர்வரைப் பார்ப்பது எப்படி? ஜாயின்மாஸ்டடான்.ஆர்க் தளத்தில் இருக்கும் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதில் இடம்பெறும் சர்வர்கள் 2019 முதல் ஓர் உடன்படிக்கையை ஏற்றவை: இனவெறி, பாலின வெறுப்பு போன்றவற்றுக்கு எதிராக முனைந்து மட்டறுத்தல் (புகார்களைப் பார்த்துத் தவறான பதிவுகளை நீக்குதல்) செய்ய வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு உள்ளே போகக்கூடிய இரண்டாவது ஆள் ஒருவராவது இருக்க வேண்டும், மூடுவதென்றால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனையின் அருமை பின்னால் புரியும்.

பட்டியலிலிருந்து நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றின் "அபௌட்" பக்கத்தையும் திறந்து படியுங்கள். நிர்வாகி யார், எப்படித் தொடர்புகொள்வது, விதிகள் என்ன, எந்தெந்த சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். உங்கள் குழுவினரின் நண்பர்கள் சிலர் மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸில் இருந்து, அவர்களைப் பின்தொடர விரும்பினால் தடுப்புப் பட்டியலில் த்ரெட்ஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல சர்வர்கள் அதைத் தடுத்திருக்கின்றன. விதிகளில் மொழி பற்றி ஏதாவது இருக்கிறதா என்பதும் முக்கியம். ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மட்டுமே மட்டறுக்க முடியும் என்று சொல்லும் சர்வரில் தமிழ்ப் பதிவு மீது புகார் வந்தால் அதைப் படித்துப் பார்க்க ஆளிருக்காது. பக்கத்தின் அடியில் மென்பொருள் பதிப்பு எண் இருக்கும். 4.5 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அளவைப் பொறுத்தவரை, சில ஆயிரம் பேர் தொடர்ந்து இயங்கும் சர்வர் புதியவர்களுக்கு வசதி. ஐம்பது பேர் மட்டுமே இருக்கும் சர்வர் அன்பான இடமாக இருக்கலாம், ஆனால் டைம்லைன் வறண்டு கிடக்கும்.

தேர்ந்தெடுத்ததும் நீங்கள் அங்கே ஒரு கணக்குத் தொடங்கி ஒரு வாரம் புழங்குங்கள். பிறகு நிர்வாகிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "முப்பது பேர் கொண்ட தமிழ் வாசகர் குழு, இன்ன தேதியில் வர எண்ணுகிறோம், உங்களுக்குச் சம்மதமா?" ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து முப்பது கணக்குகள் திறந்தால் ஸ்பேம் கும்பல் என்று நினைத்து முடக்கிவிட வாய்ப்பு உண்டு. இந்த ஒரு செய்தி அதைத் தவிர்க்கும்.

அழைப்பு லிங்க் என்ற வசதி மாஸ்டடானில் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நிர்வாகி அனுமதித்திருந்தால் உங்கள் பிரிஃபரன்சஸ் பக்கத்தில் "இன்வைட் பீப்பிள்" என்று ஒரு மெனு இருக்கும். அதில் எத்தனை பேர் பயன்படுத்தலாம் (50 என்று வையுங்கள்), எவ்வளவு நாள் செல்லும் (ஒரு வாரம் போதும்) என்று குறித்து லிங்க் எடுக்கலாம். வருகிறவர் உங்களைத் தானாகவே பின்தொடரும்படி செய்ய ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். புதுக் கணக்குகளை மூடி வைத்திருக்கும் சர்வரிலும் இந்த லிங்க் வேலை செய்யும். "ஏன் சேர விரும்புகிறீர்கள்" என்று எழுதிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சர்வர்களிலும் வழக்கமாகக் காத்திருப்பு இராது. காத்திருப்பு சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஆர்வத்தோடு உட்கார்ந்தவர் மறுநாள் மதியம் வரும் ஒப்புதல் மெயிலைத் திறப்பதே இல்லை.

லிங்கை வாட்ஸ்அப்பில் போடும்போது ஆப்பைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். "இதைத் தொட்டு, போனின் பிரௌசரிலேயே கணக்கைத் தொடங்குங்கள். ஆப் பிறகு." அவ்வளவுதான். ஆப்பை முதலில் இறக்கினால் அது தன் சொந்த முதல் திரையைக் காட்டி அவரை வேறு சர்வருக்குக் கொண்டுபோய்விடும்.

கணக்குத் தொடங்கும் படிவத்தில் இடறும் இடங்கள் மூன்று. பயனர்பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் ஏற்காது, பின்னால் மாற்றவும் முடியாது. தமிழில் பெயர் போட்டுப் பார்த்து "தமிழே வேலை செய்யவில்லை" என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. கீழே வரும் காட்சிப்பெயரைத் தமிழில் வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். அடுத்தது உறுதிப்படுத்தும் மெயில். சிறிய சர்வர்களிலிருந்து வரும் மெயில் ஸ்பேம் பெட்டிக்குப் போவது அடிக்கடி நடக்கும். அந்த லிங்கைத் தொடாதவரை கணக்கு உயிர் பெறாது, சில நாட்களில் தானாக அழிந்தும் போகும். மூன்றாவது, பிறகு உள்ளே நுழையக் கேட்பது மெயில் முகவரியை. பயனர்பெயரைப் போட்டால் தவறு என்றே சொல்லும்.

இனி ஆப். இங்கேதான் மிக அதிகமானவர்கள் தொலைந்துபோகிறார்கள். ஆப்பைத் திறந்து "லாக் இன்" தொட்டதும் அது முதலில் கேட்பது எந்த சர்வர் என்று. வந்தவர் பட்டியலில் மேலே தெரியும் மாஸ்டடான்.சோஷியலைத் தொடுகிறார். அடுத்த பக்கம் மெயிலும் கடவுச்சொல்லும் கேட்கிறது. சரியாகத்தான் போடுகிறார், தவறு என்கிறது. கடவுச்சொல்லை மறந்துவிட்டோம் போல என்று மீட்பு மெயில் கேட்கிறார், அது வருவதே இல்லை, ஏனென்றால் அந்த சர்வரில் அவருக்குக் கணக்கே கிடையாது. அரை மணி நேரம் போராடிவிட்டு ஆப்பை நீக்கிவிடுகிறார். இதற்கு மருந்து எளிது. வாட்ஸ்அப் செய்தியில் சர்வரின் பெயரைத் தனி வரியில் போட்டு, "ஆப் கேட்கும்போது இதை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள்" என்று எழுதுங்கள். இரண்டு ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஃபெடிவெர்ஸ் (ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இந்த சர்வர்களின் வலை) என்றால் என்ன என்ற விளக்கத்தை இந்தக் கட்டத்தில் தர வேண்டாம் என்பேன். யாராவது கேட்டால், ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மெயில் அனுப்புவது போல என்று ஒரு வரி போதும். முகவரியில் இரண்டு பகுதி இருப்பதும் அதனால்தான்: @malar@இன்ன-சர்வர். முதல் பகுதியை மட்டும் சொன்னால் வெளி சர்வரில் இருப்பவரால் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. மெயில் உவமை ஓர் இடத்தில் மட்டும் சறுக்கும். மெயில் உங்களுக்கு அனுப்பினால்தான் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் சமூக ஊடகத்தில் எல்லாமே எல்லாருக்கும் தெரியும் என்று எதிர்பார்க்கிறோம். காலியான கூடம் என்ற இரண்டாவது சிக்கல் இந்த எதிர்பார்ப்பிலிருந்துதான் பிறக்கிறது.

வேறொரு சர்வரில் ஒருவர் எழுதும் பதிவு உலகம் முழுக்கப் பறப்பதில்லை. அவரைப் பின்தொடர்கிறவர்கள் இருக்கும் சர்வர்களின் இன்பாக்ஸுக்கு மட்டும் அது அனுப்பப்படுகிறது. உங்கள் சர்வரில் ஒருவர்கூட அவரைப் பின்தொடரவில்லை என்றால், உங்கள் சர்வரைப் பொறுத்தவரை அந்தப் பதிவு இல்லை. இன்று நீங்கள் பின்தொடரத் தொடங்கினால் இன்றிலிருந்து எழுதுபவை வரும், நேற்று வரை எழுதியவை வராது. அதனால் ஐந்து வருடமாகத் தினமும் எழுதுகிறவரின் பக்கத்தைத் திறந்தாலும் வெறுமையாகவே தெரியும். விதிவிலக்கு, அவர் தன் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி "பின்" செய்து வைத்திருக்கும் பதிவுகள். புதுக் கணக்கு ஒன்றை முதன்முதலில் அறியும்போது சர்வர் அவற்றை இழுத்து வந்துவிடும். எனவே உங்கள் குழுவில் நன்றாக எழுதுகிறவர்கள் எல்லாரையும் நல்ல பதிவுகளில் ஐந்து வரை பின் செய்யச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வந்து பார்க்கிறவருக்கு அவையே முதல் முகம்.

பதில்களுக்கும் இதே கதைதான் இருந்தது. ஒரு கேள்விக்கு வேறு சர்வர்களிலிருந்து இருபது பேர் பதில் சொல்லியிருப்பார்கள், உங்கள் திரையில் இரண்டுதான் தெரியும். புதியவர் இருபத்தோராவது ஆளாக அதே பதிலை எழுதுவார். 2025 நவம்பரில் வந்த 4.5 பதிப்பிலிருந்து, ஓர் உரையாடலைத் திறந்தால் விடுபட்ட பதில்களைச் சர்வர் தானே போய் எடுத்து வருகிறது. பதிப்பு எண்ணைப் பார்க்கச் சொன்னது இதற்காக. மேற்கோள் பதிவு எழுதும் வசதியும் அதே பதிப்பில்தான் சேர்ந்தது, எக்ஸ் தளத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

கூடத்தை நிரப்பும் வழிக்கு வருவோம். பின்தொடர வேண்டியவர்களின் பட்டியலை நீங்களே ஒரு சிஎஸ்வி ஃபைலாக (எளிய அட்டவணை ஃபைல்) தயாரித்துக் கொடுக்கலாம். கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு நிரல் போதும். தலைப்பில் ஆங்கிலத்தில் "அக்கவுண்ட் அட்ரஸ்" என்று எழுதுங்கள். எழுத்துப் பிழையில்லாமல் இருக்க, உங்கள் சொந்தப் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து அதன் தலைப்பு வரியை அப்படியே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. கீழே வரிசையாக முகவரிகள். முன்னால் வரும் முதல் @ குறியைப் போடாதீர்கள், பெயர்@சர்வர் என்று மட்டும் இருக்கட்டும். எக்ஸெல் போன்றவை @ குறியில் தொடங்கும் கட்டத்தைச் சூத்திரம் என்று எடுத்துக்கொண்டு குழப்பும். நாற்பதிலிருந்து அறுபது முகவரி நல்ல அளவு: குழுவினர் முப்பது பேர், தமிழில் தொடர்ந்து எழுதுகிறவர்கள், புத்தகம் பேசும் ஆங்கிலக் கணக்குகள் சில, செய்தி தரும் இரண்டு மூன்று, அழகான படங்கள் போடும் ஒன்றிரண்டு. கடைசி இரண்டு மாதமாக எதுவும் எழுதாத கணக்கை, எவ்வளவு பிரபலமாக இருந்தாலும், சேர்க்காதீர்கள்.

அந்த ஃபைலைப் பெற்றவர் பிரௌசரில் பிரிஃபரன்சஸ் போய், "இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்" திறந்து, வகை "ஃபாலோயிங் லிஸ்ட்" என்று வைத்து ஏற்ற வேண்டும். "மெர்ஜ்", "ஓவர்ரைட்" என்று இரண்டு தெரிவு இருக்கும். மெர்ஜ்தான் வேண்டும். ஓவர்ரைட் போட்டால் ஏற்கெனவே பின்தொடர்ந்தவர்களெல்லாம் நீங்கிவிடுவார்கள். இதை ஆப்பில் தேடி அலைய வேண்டாம், வெப் பக்கத்தில் செய்வதே நேர்வழி. ஏற்றியதும் சட்டென்று எதுவும் தெரியாது, பின்னணியில் ஓடிச் சில நிமிடங்கள் எடுக்கும். பூட்டு வைத்த கணக்குகள் ஒப்புதல் தந்த பிறகுதான் சேரும். இன்னொரு சமூக ஊடகமான ப்ளூஸ்கை இந்த வேலையை 2024 ஜூனில் "ஸ்டார்ட்டர் பேக்" என்ற பெயரில் ஒரே பொத்தானாக்கியது, ஒரு பேக்கில் 150 பேர் வரை. அந்த வசதிக்கு அங்கே கிடைத்த வரவேற்பைப் பார்த்தால், புதியவர்கள் முதலில் கேட்பது ஆட்களைத்தான் என்பது விளங்கும்.

ஒரு நுணுக்கம். குழுவினர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, பட்டியலில் குழுவுக்கு வெளியே இருப்பவர்கள் எல்லாரையும் நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து பின்தொடர்ந்துவிடுங்கள். நீங்கள் பின்தொடரும் அன்றிலிருந்தே அவர்கள் பதிவுகள் சர்வரில் சேரத் தொடங்கும். பிறகு வருகிறவர் அவர்கள் பக்கத்தைத் திறக்கும்போது ஒரு வாரப் பதிவுகள் அங்கே இருக்கும். மொத்த ஏற்பாட்டிலும் அதிகப் பலன் தருவது இந்தச் சின்ன வேலைதான்.

ஹேஷ்டேக்கையும் பின்தொடரலாம், 4.0 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ஆனால் உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகளில் அந்த ஹேஷ்டேக் இருப்பவை மட்டுமே தெரியும். தமிழில் ஆங்கிலம் போலப் பெரிய எழுத்து இல்லாததால் இரண்டு சொல்லைச் சேர்த்தால் வாசிக்கச் சிரமம். #தமிழ்_நூல்கள் என்று அடிக்கோடு போடுவது கண்ணுக்கும், திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கும் நல்லது. குழு முழுவதும் ஒரே எழுத்தமைப்பைப் பின்பற்றுங்கள். ஒருவர் "நூல்கள்" என்றும் இன்னொருவர் "புத்தகங்கள்" என்றும் போட்டால் இரண்டு தனித் தெருக்களாகிவிடும்.

மொழி அமைப்பைத் தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். மாஸ்டடானில் ஒவ்வொரு பதிவும் ஒரு மொழி அடையாளத்தோடு போகிறது. நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் உங்கள் இடைமுகத்தின் மொழிதான் அதற்கும், அதாவது பெரும்பாலும் ஆங்கிலம். விளைவு என்ன? "தமிழ்ப் பதிவுகள் மட்டும் காட்டு" என்று பொது டைம்லைனை வடிகட்டி வைத்திருப்பவருக்கு உங்கள் தமிழ்ப் பதிவு தெரியாது. ஆங்கிலம் மட்டும் வேண்டும் என்றவருக்கு அது போய் நிற்கும். மொழிபெயர்ப்பு வசதி இருக்கும் சர்வரிலும், இது ஆங்கிலம்தானே என்று அந்தப் பொத்தான் வராமல் போகலாம். திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும். பிரிஃபரன்சஸில் பதிவு மொழியைத் தமிழ் என்று ஒரு முறை மாற்றினால் போதும். பதிவு எழுதும் பெட்டியின் அடியிலும் மொழியை அவ்வப்போது மாற்றலாம். பிரிஃபரன்சஸில் வடிகட்டும் மொழிகள் பட்டியலும் இருக்கும். அதில் எதையும் டிக் செய்யாமல் விட்டால் எல்லா மொழியும் வரும்.

எழுத்து எண்ணிக்கையில் தமிழர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. மாஸ்டடானின் வழக்கமான எல்லை 500. அது எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை. "கொ" என்பது ககரமும் துணைக்குறியும் சேர்ந்ததாக இருந்தாலும் ஒன்று என்றே கொள்ளும். லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23 தான். ஒரு நல்ல புத்தக அறிமுகம் எழுத இடம் தாராளமாக இருக்கிறது.

இரண்டு வாரத்துக்குள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம்: யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு மாஸ்டடான் லிங்க் அனுப்புகிறார். தொட்டால் அது எழுதியவரின் சர்வரில் திறக்கிறது. அங்கே உங்களுக்குக் கணக்கு இல்லை. பதில் சொல்லப் போனால் உங்கள் சர்வர் எது என்று கேட்டு ஒரு பெட்டி வரும். அதில் உங்கள் சர்வர் பெயரைக் கொடுத்தால் வீட்டுக்கே கூட்டி வந்துவிடும், 4.2 பதிப்பிலிருந்து இது ஒழுங்காக வேலை செய்கிறது. அதைவிட நம்பகமான வழி, அந்த லிங்கை அப்படியே காப்பி செய்து உங்கள் சொந்தத் தேடல் பெட்டியில் ஒட்டுவது. சர்வர் அந்தப் பதிவை எடுத்து வந்து உங்கள் பக்கத்திலேயே காட்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் "வெவ்வேறு சர்வர்" என்ற பயமே போய்விடும். கூடி உட்காரும்போது ஒவ்வொருவர் போனிலும் ஒரு முறை செய்து காட்டுங்கள்.

முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் படமும் இரண்டு வரி அறிமுகமும் சேர்க்கட்டும், #அறிமுகம் போட்டு ஒரு பதிவு எழுதட்டும். வெற்றுக் கணக்கை ஸ்பேம் என்று நினைத்துப் பலர் பின்தொடர மாட்டார்கள். பிரிஃபரன்சஸில் "பிரைவசி அண்ட் ரீச்" என்ற பக்கத்தில் தேடலில் உங்கள் பதிவுகள் வரலாமா, பரிந்துரைகளில் உங்களைக் காட்டலாமா என்று கேட்கும். எழுத்து வாசகரிடம் போய்ச் சேர வேண்டும் என்பவர்கள் இரண்டையும் திறந்து வைக்கட்டும். முக்கியமாக, விருப்பக்குறி போடுவதால் மட்டும் பதிவு பரவாது. ஹோம் டைம்லைன் நேர வரிசையில் ஓடுகிறது, அல்காரிதம் தூக்கிவிடுவதில்லை. உங்கள் நண்பரின் பதிவு மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் நீங்கள் பூஸ்ட் (மறுபகிர்வு) செய்தாக வேண்டும். ஃபேஸ்புக் பழக்கத்தில் முப்பது பேரும் விருப்பக்குறியோடு நின்றுவிட்டால் குழு தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும்.

தனிச்செய்தி பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். மாஸ்டடானில் "பிரைவேட் மென்ஷன்" என்பது குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு பதிவு, அவ்வளவே. முழு மறையாக்கம் கிடையாது. இரு பக்கத்து சர்வர் நிர்வாகிகளும் நினைத்தால் பார்க்க முடியும். இன்னொரு ஆபத்து: உங்களுக்குள் மூன்றாம் நபரைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகவரியை @ குறியோடு எழுதினால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். போன் எண், பணம், உடல்நலம் பற்றிய பேச்சுக்கு சிக்னல் போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

சர்வர் பிடிக்கவில்லை என்றால் மாறலாம் என்றேன். வழி இது. புது சர்வரில் கணக்குத் தொடங்கி, அதன் அமைப்பில் பழைய கணக்கை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்குக்குள் போய் "புதுக் கணக்குக்கு நகர்த்து" என்று கொடுக்க வேண்டும். பின்தொடர்பவர்கள் தானாக நகர்வார்கள். நீங்கள் பின்தொடர்ந்தவர்களைச் சிஎஸ்வி வழியாகக் கொண்டுபோகலாம். பழைய பதிவுகள் வராது, அவை பழைய சர்வரிலேயே இருக்கும். மறுபடி நகர 30 நாள் காத்திருக்க வேண்டும். ப்ளூஸ்கையின் நெறிமுறையில் அடையாளம் சர்வரிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் பதிவுகளோடு நகர வழியுண்டு. அந்த அமைப்பு மாஸ்டடானைவிட நன்றாக யோசிக்கப்பட்டது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அங்கே மிகப் பெரும்பாலான கணக்குகள் இன்னும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன.

நகர்த்தும் கட்டளை பழைய சர்வரிலிருந்து புறப்பட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அந்த சர்வர் திடீரென்று மறைந்தால் நகர்த்த எதுவும் இருக்காது. 2024 பிப்ரவரியில் க்வியர்.ஏஎஃப் என்ற சர்வரின் டொமைன் பெயரைத் தாலிபான் ஆட்சியில் இருக்கும் ஆப்கானிஸ்தான் நிர்வாகம் நிறுத்திவிட்டது, அந்த முகவரியில் இருந்தவர்களின் கணக்குகள் அதோடு போயின. மாறாக மாஸ்டடான்.டெக்னாலஜி 2022 அக்டோபரில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு மூடியதால் ஆட்கள் பின்தொடர்பவர்களோடு இடம் மாற முடிந்தது. மாதம் ஒரு முறை இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட் பக்கத்தில் பட்டியல்களை இறக்கி வையுங்கள், ஒரு நிமிட வேலை.

சொந்த சர்வர்? முதல் ஆண்டில் வேண்டாம் என்பதே என் பதில். புது சர்வர் யாரையும் பின்தொடராத சர்வர், ஆகவே கூடம் இன்னும் காலியாகவே தொடங்கும். பல சர்வர்களின் பொதுப் பதிவுகளை மொத்தமாகக் கொண்டுவரும் ரிலேயைச் சேர்த்து நிரப்பலாம், ஆனால் அது தேவையில்லாத பதிவுகளையும் கொட்டி, சேமிப்பு வட்டையும் சர்வரின் வேலை வரிசையையும் அடைத்துவிடும். முப்பது பேருக்கு 2 கோர், 4 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும். சிக்கல் வேறு இடங்களில் வரும். பிற சர்வர்களின் படங்களைச் சேமித்துக்கொண்டே போய் வட்டு நிரம்பும், அதற்கு அந்தத் தற்காலிகச் சேமிப்பை (மீடியா கேஷ்) ஏழு நாள் என்று அமைக்க வேண்டும். விபிஎஸ் நிறுவனங்கள் பல, மெயில் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டை மூடி வைத்திருப்பதால் உறுதிப்படுத்தும் மெயிலே போகாது, தனி மெயில் சேவை வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு ரகசியச் சாவிகள் இருக்கும் அமைப்பு ஃபைலையும் பேக்கப் எடுக்காவிட்டால் மீட்பது பாதியில் நிற்கும். இந்தியாவிலிருந்து நடத்தினால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரை வெளியிட வேண்டிய பொறுப்பும் உண்டு. ஸ்பேம், ஆபாசம், மிரட்டல் குறித்த புகார்களை நள்ளிரவிலும் பார்க்க ஆள் வேண்டும், ஒருவர் போதாது.

ஓராண்டு கழிந்து, நிர்வகிக்க இரண்டு பேர் உறுதியாக இருக்கிறார்கள் என்றால் செய்யலாம். பராமரிப்பையும் சேர்த்துத் தரும் மாஸ்டோ.ஹோஸ்ட் போன்ற சேவையில் தொடங்குவது நல்லது. செலவைக் குறைக்க கோடூசோஷியல் என்ற மென்பொருள் சில நூறு எம்பி ரேமில் ஓடும், ஆனால் அதற்குச் சொந்த வெப் முகப்பு இல்லை, ஆப் வழியாகத்தான் நுழைய வேண்டும். டொமைன் பெயரை மட்டும் மிகுந்த யோசனையோடு தேர்ந்தெடுங்கள். நிறுவிய பிறகு அதை மாற்ற முடியாது. தரவுத்தளத்தை இழந்துவிட்டு அதே பெயரில் புதிதாக நிறுவினாலும், பழைய சாவிகளை நினைவில் வைத்திருக்கும் மற்ற சர்வர்கள் உங்களை நம்ப மறுக்கும். மலிவு என்பதற்காகச் சிறு நாடுகளின் ஈரெழுத்துப் பின்னொட்டை எடுக்காதீர்கள். ஆண்டு வாடகையைத் தானாகப் புதுப்பிக்கும் அட்டை யாருடையது, அவர் குழுவை விட்டு விலகினால் அடுத்து யார் கட்டுவது என்பதையும் டொமைன் வாங்கும் அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.